ஏக்கர், ஹெக்டேர், கரம்பை மண்

ரிட்டயர்ட் ஆன கணக்கு வாத்தியாருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவது ஒரு பக்கம். அதைவிட அதிகமாக வருபவர்கள் பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள். "சார், இதுல மொத்தம் எத்தனை ஏக்கர்னு பார்த்துச் சொல்லுங்க." கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த தாள், கீழே சதுரமாக ஒரு கட்டம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படிக்கத்தான் வராது. படித்தவர்களுக்கும் வராது. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் இப்படி வந்திருக்கிறார்.

நம் வயதுக்காரர்கள் ஏக்கரிலும் சென்ட்டிலும் வளர்ந்தவர்கள். நமக்கு முந்தியவர்கள் குறுக்கம் என்றார்கள். நஞ்சைக்காரர்கள் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றார்கள். எத்தனை மரக்கால் விதை பிடிக்குமோ அதுதான் நிலத்தின் அளவு. கொள்ளளவை வைத்துப் பரப்பைச் சொன்ன அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். பட்டாவோ ஹெக்டேர், ஏர் என்று வேறு பாஷை பேசுகிறது.

இதனால் என்ன நஷ்டம் வரும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது.

என் சித்திக்கு, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தங்கைக்கு, வெம்பக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் கரிசல் புஞ்சை இருந்தது. சித்தப்பா காலமான பிறகு பருத்தி போடுவதும் நின்று, நிலம் கருவேல முள் அடைந்து கிடந்தது. பட்டாசு ஆலைக்கு இடம் பார்க்கிறார்கள் என்று ஒரு புரோக்கர் வந்தார். சென்ட் 5,000 ரூபாய் என்று பேச்சு. பட்டாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு ஏக்கர் இருபத்தொன்றரை சென்ட் இருக்கு ஆச்சி, ஆறு லட்சத்துச் சொச்சம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சித்தி அன்று சாயந்திரமே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏய்யா, அவுக வாங்கும்போது மூணு ஏக்கருன்னுதான்யா சொன்னாக. மிச்சம் எங்கய்யா போச்சு? பக்கத்துக் காட்டுக்காரன் தள்ளிட்டானா?"

"வரப்பு நகர்ந்திருக்கா சித்தி?"

"வரப்பும் நகரல, வேலியும் நகரல. வடமேற்கு மூலையில நிக்கிற வேப்பமரம் அங்கனதான் நிக்கிது."

மஞ்சள் பையில் இருந்து சித்தப்பா பெயரில் இருந்த 1964-ம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தையும் எடுத்து வைத்தாள். அதில் ஏக்கர் 3 என்று தெளிவாக இருக்கிறது. பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் 1 - 21.50 என்று இருக்கிறது. மேலே தலைப்பில் சின்ன எழுத்தில் "ஹெக் - ஏர்" என்று போட்டிருக்கிறது. விஷயம் முழுக்க அந்தச் சின்ன எழுத்தில்தான்.

கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர். கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஏர். "ஏருன்னா உழுகிற ஏரா?" என்று கேட்டாள் சித்தி. இல்லை. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள சதுரம் ஒரு ஏர், 100 சதுர மீட்டர். அப்படி நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், 10,000 சதுர மீட்டர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். இரண்டிலும் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் இருப்பதால் பெருக்கும் எண் ஒன்றேதான். ஆகவே 1 - 21.50 என்பது 121.5 ஏர். 2.47-ஆல் பெருக்கினால் 300 சென்ட். மூன்று ஏக்கர் அப்படியே இருக்கிறது, ஒரு சென்ட் எங்கும் போகவில்லை.

தாளில் போட்ட கணக்கை சித்தி நம்பவில்லை. மறுநாள் நானே போய்க் காலால் அளந்தேன். என் எட்டு ஒன்று முக்கால் மீட்டர். ஒரு பக்கம் 120 எட்டு, அதாவது 90 மீட்டர். இன்னொரு பக்கம் 180 எட்டு, 135 மீட்டர். முள்ளுக்குள் நடந்ததில் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம் என்றாலும், பெருக்கினால் 12,150 சதுர மீட்டர் வந்தது. காலடிக் கணக்கு இவ்வளவு துல்லியமாக வந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் ஒன்றேகால் ஏக்கரா மூன்று ஏக்கரா என்று தெரிந்துகொள்ளக் காலடி தாராளமாகப் போதும். ஒன்றேகால் ஏக்கர் என்றால் ஏறக்குறைய 5,000 சதுர மீட்டர்தானே தேறும்.

இப்போது விலையைப் பாருங்கள். 121.5 சென்ட் என்றால் ரூ.6,07,500. 300 சென்ட் என்றால் ரூ.15,00,000. வித்தியாசம் ரூ.8,92,500. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பத்திரம் எழுதும்போது சர்வே எண்ணும், பட்டாவில் உள்ளபடி "ஹெக்டேர் 1.21.50" என்ற விஸ்தீரணமும்தான் எழுதுவார்கள். எழுதியது முற்றிலும் சரியாக இருக்கும். மூன்று ஏக்கரும் கைமாறிப் போயிருக்கும். பணம் மட்டும் ஒன்றேகால் ஏக்கருக்கு வந்திருக்கும். பிறகு எந்தக் கோர்ட்டில் போய் எதைக் கேட்பது?

புரோக்கரிடம் நான் தனியாகப் பேசினேன். "தம்பி, இது ஹெக்டேர்" என்றதும், "அப்படியா சார், எல்லாத்தையும் இப்படித்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அவர் முகத்தில் இருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால்தான் எனக்கு அதிகக் கவலை. இதற்கு முன்னால் எத்தனை பேர் நிலத்தை இப்படிப் பார்த்தாரோ!

பழைய பத்திரத்தில் ஏக்கரும் பட்டாவில் ஹெக்டேரும் வந்தது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும், ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்பதை ஆறு என்று கொடுப்பதா ஏழு என்று வாங்குவதா என்று பெட்டிக்கடைகளில் நடந்த தகராறும் இதைப் படிப்பவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிறகு சேர் போய்க் கிலோ வந்தது, படி போய் லிட்டர் வந்தது. கடைசியாகத்தான் நிலத்துக்கு வந்தது. 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று தாலுகா ஆபீஸில் சொல்வது இதைத்தான். அது தொடங்கும்போது நாம் ராமநாதபுரம் மாவட்டம். முடியும்போது, 1985 மார்ச்சில் பிரிந்து, காமராஜர் மாவட்டம் ஆகிவிட்டிருந்தோம். அந்தத் திட்டத்தில் எழுதிய பதிவேடுகளில் ஹெக்டேரும் ஏரும்தான். அதற்கு முந்திய கணக்கெல்லாம் சங்கிலிக் கணக்கு. 66 அடிச் சங்கிலி, அதில் நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான் என்றாலும் அந்தக் கணக்கிலும் ஒரு நேர்த்தி உண்டு.

இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நாற்பதரை ஏர் ஒரு ஏக்கர். பட்டாவில் 0 - 40.50 என்று இருந்தால் ஒரு ஏக்கர். 0 - 81.00 என்று இருந்தால் இரண்டு. மற்றதை இதை வைத்தே மட்டாகச் சொல்லிவிடலாம்.

அடுத்து, நான் முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் போட்டுப் போட்டு அழித்த ஒன்று. ஒரு மீட்டர் 3.28 அடி. இது எல்லோருக்கும் தெரியும். அதனால் சதுர மீட்டரையும் 3.28-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். மனைப் பட்டாவில் 111.5 சதுர மீட்டர் என்று இருப்பதை இப்படிப் பெருக்கி, 366 சதுர அடிதான் வருகிறது, என் மனை சுருங்கிப்போச்சு என்று ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டினார். அவருடையது முழுசாக 1,200 சதுர அடி மனை. நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை என்று 3.28-ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும். 10.76 வரும். கன மீட்டர் என்றால் உயரத்துக்கும் சேர்த்து மூன்று தடவை. 35.3 வரும். மெட்ரிக்குக்கு உள்ளேயே மாற்றும்போதும் இதே கதைதான். மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், இரண்டு பூஜ்யம். சதுர மீட்டருக்கு 10,000 சதுர சென்டிமீட்டர், நான்கு பூஜ்யம். கன மீட்டருக்கு 10,00,000 கன சென்டிமீட்டர், ஆறு பூஜ்யம். இரண்டு, நான்கு, ஆறு.

நம் பேச்சிலும் ஒரு குழப்பம் உண்டு. பத்து மீட்டர் சதுரம் வேறு, பத்து சதுர மீட்டர் வேறு. முன்னது ஒரு ஏர், ஒரு வீடு கட்டலாம். பின்னது ஒரு அறை.

பட்டாசு ஆலைக்கு ஏன் இவ்வளவு நிலம் தேடுகிறார்கள் என்பதும் இந்தக் கணக்குத்தான். கொட்டகைக்குக் கொட்டகை இத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. மருந்து கூடக்கூட இடைவெளியும் கூடும். ஒரு கொட்டகையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 20 மீட்டர் விட வேண்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த வட்டம் ஏறக்குறைய 31 சென்ட். 40 மீட்டர் விட வேண்டும் என்றால் இரண்டு மடங்கு நிலம் போதாது, நான்கு மடங்கு வேண்டும், ஒன்றேகால் ஏக்கர். இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் நிலச் செலவு எவ்வளவோ குறையும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது அல்லவா?

கொள்ளளவில் இது இன்னும் மோசம். பூச்சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதைப் போல இரண்டு மடங்கு உயரம், இரண்டு மடங்கு அகலத்தில் ஒன்று செய்தால் உள்ளே பிடிக்கும் மருந்து எட்டு மடங்கு. தீபாவளிக்குக் கடையில் பெரிய பூச்சட்டியின் விலையைக் கேட்டுச் சண்டை போடுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டாகச் சொன்னாலும் வேலை பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. தரையில் கிடக்கும் மருந்துக் குவியல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக வளர்ந்திருந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு "கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்று தோன்றும். எடையில் எட்டு மடங்கு. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைத்திருந்தார்கள் என்று விபத்துச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எட்டு ஞாபகம் வரும். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அந்தக் கொட்டகைகளில்தான் வேலை பார்க்கிறார்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம் கரும்பலகையில் கனசதுரம் வரைந்து எட்டுத் துண்டாகப் பிரித்துக் காட்டுவேன். தேர்வுக்கு வராது என்று சில பிள்ளைகள் நோட்டில் எழுதாமல் இருப்பார்கள். எழுதச் சொல்லி நிற்பேன்.

சித்தி நிலத்தை விற்கவில்லை. முள்ளை வெட்டி எடுத்துவிட்டு, அவள் மகன், என் தம்பி முறை, மறுபடியும் வெள்ளாமை போடலாம் என்று இறங்கினான். கண்மாயில் கரம்பை அடித்தால் நன்றாக இருக்கும் என்றான். 2017-ல் அரசு இதற்கு விதியைத் தளர்த்தியது. விவசாயிகள் கண்மாய் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று வரம்பு. ஹெக்டேரில் சொன்னால் 185, 222. பட்டா ஹெக்டேரில் இருப்பதால் அதையும் சேர்த்தே போட்டிருந்தார்கள்.

தம்பி செல்போனில் தட்டிப் பார்த்தான். "90-ஐ 3.28-ஆல பெருக்குனா 295 கன அடிண்ணே. டிராக்டர் ஒரு நடைக்கு நூறு கன அடி. ஏக்கருக்கு மூணு நடை மண்ணுக்காகவா தாலுகா ஆபீஸ் அலையச் சொல்ற?"

வாத்தியார் வீட்டுத் தம்பியே இப்படி! 90 கன மீட்டர் என்றால் 90 பெருக்கல் 35.3, ஏறக்குறைய 3,180 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்ற நம் ஊர்க் கணக்கில் 32 டிராக்டர் நடை, ஏக்கருக்கு. மூன்று ஏக்கருக்கு 270 கன மீட்டர், 95 நடை. வெட்டி அள்ளிய மண் பொங்கும், படிந்து கிடந்ததைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் அளப்பது கண்மாயிலா டிரெய்லரிலா என்பதைப் பொறுத்து நடை முன்பின் மாறும். அதை விடுங்கள். மூன்று நடைக்கும் முப்பத்திரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே பேச்சு. மனுக் கொடுக்காமலே விட்டிருப்பான்.

அவ்வளவு மண்ணைக் கொட்டினால் எத்தனை உயரம் நிற்கும் என்று கேட்டான். மெட்ரிக் அளவின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். கன மீட்டரைச் சதுர மீட்டரால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும். 270-ஐ 12,150-ஆல் வகுத்தால் 0.022 மீட்டர். இரண்டேகால் சென்டிமீட்டர் போல, கட்டை விரல் அகலம். அடியில் இருந்து ஏக்கருக்கும் அங்குலத்துக்கும் போய்த்தான் பாருங்கள், 43,560-ஐ எல்லாம் இழுக்க வேண்டும். தலைவலி.

மழைக்கும் இதே சௌகரியம் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அவ்வளவுதான். ஒரு ஏரில் 100 லிட்டர், ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். சித்தி நிலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 12,150 லிட்டர், அதாவது ஒரு 12,000 லிட்டர் தண்ணி லாரி. 45 மில்லிமீட்டர் மழை என்று பேப்பரில் வந்தால் 45 லாரி தண்ணீர் அந்தக் காட்டில் கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்ன நாளில் இருந்து தம்பி மழை பெய்த மறுநாள் போன் போட்டால், "அண்ணே, நேத்து முப்பது லாரி" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

வீட்டு மாடிக்கும் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை. 74,000 லிட்டர், ஆறு லாரிக்கு மேல், தெருவில் ஓடிப் போகிறது. வெயில் காலத்தில் குடம் எவ்வளவு விலைக்கு வாங்குகிறோம் என்று சாத்தூர், சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அணைச் செய்தி மட்டும் இன்னும் கன அடியில்தான் வருகிறது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 2,830 கோடி. வினாடிக்கு ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர், இரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிளவக்கல், வெம்பக்கோட்டை அணைகளின் கொள்ளளவை டி.எம்.சி.யில் சொன்னால் ஒன்றுக்குக் கீழேதான் வரும், அதனால் மில்லியன் கன அடியில் போடுகிறார்கள். மில்லியன் கன அடிக்கு 28,300 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பேப்பர் படிக்கும்போது உதவும்.

குறுக்கம் என்றது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், மொத்தத்தில் ஏக்கரை ஒட்டி வரும் என்றுதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் குறுக்கத்தையும் சென்ட்டையும் சேர்த்து எழுதியது யாரிடமாவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். விதைப்பாட்டுக் கணக்கை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.